ஜன்னல் சந்தில் மஃப்ளர்

குன்னூரில் அன்று மதியமே பனி இறங்கிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஞானமுத்து வருஷம் முழுக்கக் காத்திருப்பது கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத்தான். திருப்பூரிலிருந்து மகன் எட்வின் குடும்பத்தோடு வந்திருந்தான். கரியடுப்பை மூட்டி அறை நடுவில் வைத்தவர், அங்கிருந்த ஒரே ஜன்னலில் ஒரு விரல் சந்து விட்டார். கரி கனலும்போது ஜன்னலை முழுக்கச் சாத்தக் கூடாது, விஷவாயு சேர்ந்துவிடும் என்பது அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"எங்கேருந்து மாமா இப்படிக் காத்து வருது? ரூபிக்கு ஏற்கெனவே சளி" என்றாள் மருமகள்.

பேத்தி வெடவெடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், கழுத்திலிருந்த மஃப்ளரை உருவிச் சந்தில் திணித்தார். கொஞ்ச நேரம்தானே.

அறை கதகதத்தது. மருமகள் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். எட்வின் சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் விட்டுக் குறட்டையில் இறங்கினான். வீடு நிறைந்து கிடப்பதைப் பார்த்து ஞானமுத்துவுக்கு மனம் குளிர்ந்தது.

"தாத்தா, தலை வலிக்குது" என்று ரூபி அவர் மடியில் சரிந்தாள்.

"தூங்கும்மா, சரியாப் போயிடும்" என்று சொல்ல வாயெடுத்தவருக்கு, தன் நெற்றியும் விண்விண்ணென்று தெறிப்பது அப்போதுதான் உறைத்தது. மஃப்ளரைப் பார்த்தார்.

"எட்வின்! எந்திரிடா!"

கத்தியது அவர் காதுக்கே கேட்கவில்லை. எழப் பார்த்தார். கால்கள் வேறு யாருடையவோ போலக் கிடந்தன. கைத்தடி மட்டும் அகப்பட்டது. பேத்தியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை நோக்கி எறிய ஓங்கினார்.

எதிரே இரண்டு ஜன்னல்கள் தெரிந்தன. கையில் இருந்தது ஒரே தடி.