கேன் தண்ணீர்

மார்ச் பதினான்காம் தேதி, நகரக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பின்மதிலை ஒட்டிய சாரதா நகரில், நிலைய விரிவாக்கத்துக்கான சுற்றுச்சூழல் ஆய்வு நடந்தது. நிலையத்தால் ஏற்கெனவே கெட்ட கிணறு, அது பெரிதானால் இன்னும் கெடும் என்று மனுக் கொடுத்து அலைந்தவர்களில் செங்கமலம் ஒருத்தி. வெயிலில் களைத்து வந்த ஆய்வாளர் அவள் வாசற்படியில் உட்கார்ந்து காலி பாட்டிலை நீட்டினார்.

“வீட்டுத் தண்ணி கொஞ்சம் குடுங்கம்மா.”

குடத்தில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக நின்றது. செங்கமலம் அதைத் தள்ளி வைத்துவிட்டு, விலைக்கு வாங்கிய கேன் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. பாட்டிலின் மேல் சீட்டு ஒட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

“அது சோதனைக்குக் கேட்டதுக்கா,” என்றாள் பக்கத்து வீட்டு ரஹீமா. “கிணத்துத் தண்ணியத்தானே குடுத்திருக்கணும்?”

“வெயில்ல வந்த மனுசனுக்கு அந்தத் தண்ணியவாடி குடுப்பாங்க?”

மறுநாள் கிணற்றுத் தண்ணீரோடு இருவரும் ஆய்வாளரின் அலுவலகம் போனார்கள்.

“நீங்களா கொண்டாற தண்ணி செல்லாதும்மா,” என்றார் எழுத்தர்.

ஜூனில் அறிக்கை வந்தது. சாரதா நகரின் நிலத்தடி நீர் குடிக்க உகந்தது என்றிருந்தது. விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைத்தது.