டாக்டரம்மா பார்க்கட்டும்

"டாக்டரம்மா பாத்துச் சொல்லட்டும் அண்ணாச்சி. அதுக்குப் பொறவு பேசுவோம், ஆவணியில புள்ளைய அழைச்சிட்டுப் போறதப் பத்தி."

ஆய்க்குடியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா குருவம்மாள் இப்படிச் சொன்னதும், சுடலையாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். பெண்ணைக் கொடுத்தவர் வேறு என்ன செய்ய முடியும்?

மகள் தங்கத்தாய்க்கு வைகாசியில்தான் கல்யாணம். ஆடிக்குத் தாய்வீடு வந்தவள், சாரல் நன்றாக இருக்கிறதென்று வீட்டாரோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாள். ஈரச்சேலை மாற்றும்போது அவள் மயினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடித்த காற்றில் மறைப்பு விலகி, தங்கத்தாயின் அடிவயிற்றுக்குக் கீழே என்னவோ மயினியின் கண்ணில் பட்டுவிட்டது.

"என்னட்டி இது, ஒரு பக்கம் மட்டும் நீளமாத் தொங்குது? நோவு எதுவும் இருக்கப்போவுது. மாப்பிள்ளை வீட்டுல கண்டா வச்சிருப்பாவளா?"

அவ்வளவுதான். யார் யாருடையதைப் பார்த்திருக்கிறார்கள், இது சரி, அது கோணல் என்று சொல்ல? ஆனாலும் தங்கத்தாய் நம்பிவிட்டாள். வாழாவெட்டி என்று அவர்கள் திருப்பி அனுப்புவதற்கு முந்தி தானே இங்கே இருந்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லி அழுதாள். அவளுக்குப் புருஷனைப் பிடித்திருந்தது. அதனால் அழுகையும் நிற்கவில்லை.

மயினியின் வாயிலிருந்து புறப்பட்ட பேச்சு, பஸ் ஏறாமலே ஆய்க்குடி போய்ச் சேர்ந்தது. குருவம்மாள் வந்து நின்றாள்.

தெருவே அவளை ஏசியது. மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டிக்கொண்டு போவார்கள், இவள் ஓட்டிக்கொண்டு போன பிறகல்லவா பார்க்கிறாள் என்றார்கள்.

தென்காசியில் டாக்டரம்மாவின் அறைக்குள் மாமியாரும் மருமகளும் மட்டும் போனார்கள். சுடலையாண்டி வெளி பெஞ்சில் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

திரைக்குப் பின்னால் தங்கத்தாய் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கை கழுவினாள்.

"இதுக்கா அழுதே? ஒரு குறையும் இல்லை. எல்லாருக்கும் காதும் மூக்கும் ஒரே அச்சிலா இருக்கு? இதுவும் அப்படித்தான்."

சிலருக்குப் பெண்ணுறுப்பின் உள் உதடு வெளியே தெரியாமல் அடங்கி இருக்கும், சிலருக்கு நீண்டு வெளியே வரும், ஒரு பக்கம் பெரிசாகவும் மறுபக்கம் சிறிசாகவும் இருப்பது சர்வ சாதாரணம் என்றாள். குடும்பம் நடத்தவோ பிள்ளை பெறவோ அதனால் ஒரு தடையும் இல்லையாம்.

தங்கத்தாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் குருவம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நல்லாப் பாத்தியளாம்மா?"

"பார்த்தேன்."

"கறுப்பா இருந்தா? ஓரமெல்லாம் சுருங்கி, சேவல் கொண்டை மாதிரி இருந்தா?"

அதுவும் இயற்கைதான் என்றாள் டாக்டரம்மா. குருவம்மாள் விடவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"கறுத்திருந்தா பொம்பளை கெட்டுப் போனவன்னு அர்த்தமாம்மா?"

"எந்த மடையன் சொன்னான்? அது பிறவி நிறம். நடத்தைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

தங்கத்தாய்க்கு உடம்பெல்லாம் கூசியது. குறையில்லை என்று சொன்ன பிறகும் இந்தப் பொம்பளை தோண்டித் துருவிக் குறை தேடுகிறாளே.

வெளியே வந்ததும் குருவம்மாள், ஆவணி பிறந்த முதல் நல்ல நாளில் மருமகளை அழைக்க வருவதாகச் சொன்னாள். சுடலையாண்டி தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனார்.

தங்கத்தாய்க்கு மனசு ஆறவில்லை.

"அத்த, ஒண்ணு கேக்கேன், கோவிக்காதிய. கறுப்பு, சுருக்கம்னு மயினி சொல்லவே இல்ல. எனக்கு அப்படி இல்லவும் இல்ல. பொறவு எதுக்கு அந்தக் கேள்வி?"

சாரல் விழ ஆரம்பித்தது. குருவம்மாள் தன் முந்தானையை இழுத்து மருமகளின் தலைக்கும் சேர்த்துப் போட்டாள்.

"அது ஒனக்கில்லட்டி. ஒங்க மாமா கண்ண மூடுத வரைக்கும் என்னைய அதைச் சொல்லியேதான் ஏசுவாரு. ஒனக்கும் ஒரு பேரு வந்துரப்படாதுன்னுதான் கூட்டியாந்தேன். வந்த எடத்துல, எனக்கும் சேத்துக் கேட்டுக்கிட்டேன்."