பத்துப் பல் மீன்கொத்தி

பல் டாக்டர் தபால்தலையை மாற்றியதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அவர் நிஜ டாக்டர் இல்லை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிக்கிற வேலை. தபால்தலையின் ஓரத்துப் பற்களை எண்ணிச் சொல்வதில் அவரை மிஞ்ச எங்கள் தபால்தலைச் சங்கத்தில் ஆள் கிடையாது. அதனால் அந்தப் பெயர். யார் எதை ஆசையாக நீட்டினாலும் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொல்வார். "சாதா."

"மனுஷனா, முத்திரைக் கட்டையா?" என்று பின்னால் பேசிக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்தின் பின்னறையில் கூடுவோம். நான் செயலாளர். நாற்காலி போடுவதும் நான்தான். "என் வாயில எத்தனை பல்லு மிச்சம்னு தெரியாது, ஸ்டாம்புப் பல்லை எண்ணக் கிளம்பியாச்சு" என்று என் மனைவி வழியனுப்புவாள். அவள் இருந்த காலம் அது.

அன்று எங்கள் உறுப்பினரான தையல்காரர் சுவரைத் தொட்டுத் தொட்டு உள்ளே வந்தார்.

"டாக்டரே, செவ்வாய்க்கிழமை கண்ணுல ஆபரேஷன். பார்வை திரும்பினா உண்டு, இல்லைன்னா அவ்வளவுதான்னுட்டாங்க."

"சரியாகிடும். உட்காருங்க."

"உட்கார்றதெல்லாம் அப்புறம். மீன்கொத்தி கிடைச்சிருக்கு. பார்த்துச் சொல்லுங்க."

அந்த மீன்கொத்தித் தபால்தலை, உரித்து ஒட்டுகிற ரகம். இரண்டு அச்சகங்களில் அடித்தார்கள். முதல் அச்சகத்தின் வெட்டில் இரண்டு சென்டிமீட்டருக்குப் பதினோரு பல். அது எல்லோரிடமும் உண்டு. இரண்டாவது அச்சகம் கொஞ்ச நாள்தான் அடித்தது. அதில் பத்துப் பல். லென்ஸில் பார்த்தால் பறவையின் நீலம் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் சங்கத்தில் பத்துப் பல் மீன்கொத்தி டாக்டரிடம் மட்டும் இருந்தது. அதுவும் ஒன்றே ஒன்று.

தையல்காரர் ஒன்பது வருஷமாக அதைத் தேடினார். கொண்டுவந்ததெல்லாம் சாதா.

"ஆல்பத்துல பறவைப் பக்கத்துல ஒரே ஒரு கட்டம் காலி, டாக்டரே. அது நிரம்பினதை இந்தக் கண்ணால பார்த்துட்டா, அப்புறம் கத்தியை வைக்கட்டும். இது பத்தாத்தான் இருக்கணும். விரலால தடவினேன், பல்லு அகலமாப் படுது."

"தடவினீங்களா? இதென்ன கால்சட்டைத் துணியா?"

சிரிப்பு எழுந்தது. தையல்காரரும் சிரித்தார்.

டாக்டர் அதை இடுக்கியால் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். பல் எண்ணும் அளவு அட்டையில் வைத்தார், லென்ஸை வைத்தார், மறுபடி அளவு அட்டை. வழக்கமாக அரை நிமிஷம் போதும் அவருக்கு. அன்று ஐந்து நிமிஷம் ஆயிற்று.

பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தன் ஆல்பத்தைத் திறந்தார். மூலையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த எனக்கு மட்டும் அவர் கை தெரிந்தது. உள்ளிருந்த மீன்கொத்தி வெளியே வந்தது. தையல்காரரின் மீன்கொத்தி உள்ளே போனது. ஆல்பத்தை மூடிவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்துப் பல் கிடைத்ததும் அமுக்கிக்கொண்டு, ஏதோ ஒரு சாதாவைத் திருப்பித் தரப்போகிறார்! அதுவும் பார்வை மங்கியவரிடம்! ஏற்கனவே ஒன்று வைத்திருப்பவருக்கு இன்னொன்று எதற்கு?

திரும்பி வந்தவர், வெளியே எடுத்த மீன்கொத்தியை என் முன்னால் வைத்தார். "எனக்கு இன்னிக்கு லென்ஸ் சரியாப் பிடிபடலை. செயலாளர் எண்ணிச் சொல்லட்டும்."

அவர் தன் அளவு அட்டையை இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. திருட்டு அவருடையது, 'சாதா' என்று சொல்லும் பாவம் மட்டும் என்னுடையதா?

ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி 'பதினொன்று' என்று சொல்வது. அடுத்த நொடியே, 'உங்க ஆல்பத்தைத் திறங்க' என்பது.

தபால்தலையை அட்டையின் பதினோராம் வரிசையில் வைத்தேன். பல் உட்காரவில்லை. நகர்த்திப் பார்த்தேன். அப்போதும் இல்லை. பத்தாம் வரிசைக்குக் கொண்டுபோனேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

லென்ஸை எடுத்தேன். நீலம் முழுக்கப் புள்ளிகள்.

"என்ன செயலாளரே, சத்தத்தையே காணோம்?" தையல்காரர் தலை குனிந்துகொண்டார். "சாதாதானே? சொல்லிடுங்க. பழகிப்போச்சு."

"பத்து," என்றேன். லென்ஸைக் கீழே வைத்தேன். "அசல் பத்து, அண்ணே."

அவர் எழுந்து நின்றார். அதை நாங்கள் கட்டத்தில் வைத்துக் கொடுத்ததும், ஆல்பத்தை மூக்குவரை தூக்கிப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினார். "தெரியுது... நீலமாத் தெரியுது. காலி இடம் இல்லைல்ல?"

"இல்லை," என்றார் டாக்டர்.

எல்லோரும் கலைந்தபின் நூலகப் படியில் டாக்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்ககிட்ட இருந்ததே அது ஒண்ணுதான். எதுக்குக் கொடுத்தீங்க? வாயால பத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே. அவருக்கு என்ன தெரியவா போகுது?"

டாக்டர் ஆல்பத்தைப் பையில் வைத்தார்.

"அவர் கொண்டுவந்தது பதினொண்ணுங்க. அதை எப்படிப் பத்துன்னு சொல்றது?"