முகப்பதிவு

வருகைப்பதிவு இயந்திரம் மூன்று நாட்களாகத் தமயந்தியின் முகத்தை ஏற்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று சிரித்தபடி பதிந்த முகம்தான் அதனுள் இருந்தது.

"எதுலயும் மனசு ஒட்டமாட்டேங்குது சார், ரெண்டு நாள் லீவு வேணும்" என்றாள்.

"இங்க யாருக்கு ஒட்டுது? மொதல்ல அந்த மூஞ்சிய மறுபடி பதிஞ்சிட்டு வாங்க" என்றார் மேலாளர்.

அழுது வீங்கியிருந்த முகத்தை இயந்திரம் பதிந்துகொண்டது. அதன்பிறகு தினமும் பார்த்த மாத்திரத்தில் "நன்றி" என்றது. அந்த அலுவலகத்தில் அவளுக்கு நன்றி சொல்வது அது மட்டும்தான். இன்று காலை, மகள் பல் விளக்கியபடி ஆடிக்காட்டியது நினைவுக்கு வந்து, இயந்திரத்தின் முன்னால் லேசாகச் சிரித்துவிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"சீக்கிரம் மேடம், லேட் ஆயிடும்" என்றார் பின்னால் நின்றவர்.

தமயந்தி புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி முகத்தைக் காட்டினாள்.

"நன்றி" என்றது.