மாடம்மாள் வீடு பெருக்கினாள்

காலையில ஆறு மணிக்குப் பிளேன். பத்து மணிக்கெல்லாம் மாடம்மாள் வாரியலை எடுத்து வீட்டைப் பெருக்கிட்டா.

பக்கத்து வீட்டுக்காரி எனக்கே பகீர்னு ஆயிட்டுது. ஊருக்குப் போனவங்க போய்ச் சேருற வரைக்கும் வீடு பெருக்கக் கூடாது. எங்க சாலை பஜார் லைன் வீடுகள்ல சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

போனது யாரோ இல்லை, அவ பெத்த ஒரே மகன் வன்னியராஜ். கொத்தனார் வேலைக்கு லிபியா போறான். போன வருஷம் பம்பாயில கிளம்பின பிளேன் கடல்ல விழுந்ததிலிருந்து, தலைக்கு மேல சத்தம் கேட்டாலே நாங்க சாமியைக் கூப்பிடுவோம். இவளுக்கு மட்டும் ஒண்ணுமில்லை.

கேட்டதுக்கு, நாலு மணி நேரம்தான், திருநெல்வேலிக்கு பஸ்ல போற நேரம், இந்நேரம் இறங்கியிருப்பான்னு சாவகாசமா சொன்னா.

மருமக பூமாரி நிறைமாசக்காரி. புருஷன் இறங்கினாத்தான் பச்சைத் தண்ணியும் தொடுவேன்னு நேத்து சாயங்காலத்திலிருந்து பட்டினி கிடந்தவ. அத்தையே பெருக்கிட்டாளேன்னு நம்பி, தட்டைப் போட்டு உட்கார்ந்துட்டா.

எனக்கு நம்பிக்கை வரலை. டிக்கெட் போட்ட ஆபீஸ் தம்பானூர்லதான் இருக்கு. விறுவிறுன்னு நடந்துபோய் கிளார்க் ஸ்ரீகண்டனைக் கேட்டேன்.

"லிபியாவுல திரிப்போலி, நாலாயிரத்து முந்நூறு மைல் சேச்சி. பம்பாயில இறங்கி, கெய்ரோவுல மாறிப் போகணும். மொத்தம் இருபது மணிக்கூர். மத்தியானத்துக்கு மேலதான் கடல் தாண்டுற பிளேன்."

அப்போ இன்னும் கடல் மேலயே போகலை. அதுக்குள்ள பெருக்கித் தள்ளிட்டா பாவி. இவளெல்லாம் பெத்தவளான்னு வர்ற வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தேன். பூமாரிகிட்ட உள்ளதைச் சொல்லி, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடணும்னு இருந்தேன்.

வாசல்ல நின்ன மாடம்மாள் என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடிச்சுக் கிணத்தடிக்கு இழுத்துட்டுப் போனா.

"இருபது மணி நேரம்னு எனக்கும் தெரியும்டி தாசம்மா. நேத்தே போய்க் கேட்டுட்டேன்."

"தெரிஞ்சேவா பெருக்கினே மதினி?"

"விடியக்காலத்திலிருந்து வயித்துல பிள்ளை அசையலைன்னு பூமாரி அழுதா. எவ்வளவு கெஞ்சியும் ஒரு வாய் தின்னலை. நான் வாரியலைத் தொட்டாத்தான் நம்புவா. வேற என்ன செய்வேன்?"

அவளே மேலயும் சொன்னா:

"பெருக்கின குத்தம் என்னைப் பிடிக்கட்டும், மகனை ஒண்ணும் செய்யாதேன்னு பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுட்டுத்தான் தொட்டேன். அவன் இறங்குற வரைக்கும் அவளுக்குப் பதிலா நான் பட்டினி கிடக்கேன்."

அதுக்குள்ள பூமாரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டே கொல்லை வாசலுக்கு வந்துட்டா. முகம் தெளிஞ்சிருந்தது.

"அக்கா, பிள்ளை நல்லா உதைக்குது. ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?"

மாடம்மாள் என் கையை விடவே இல்லை.

"இறங்கிட்டானாம்"னு சொன்னேன்.

அவ சிரிச்சுக்கிட்டே உள்ளே போனா. நாங்க ரெண்டு பேரும் கிணத்தடியிலயே உட்கார்ந்துட்டோம். மணி பதினொண்ணுதான் ஆகியிருந்தது. இன்னும் பதினஞ்சு மணி நேரம் இருந்தது.