முதல் வாஃபிள்

சமையலறையில் முட்டை உடைபடும் சத்தம் கேட்டதும் கூடத்தில் பேச்சு அடங்கிப்போயிற்று.

அவ்வளவுதான். இன்றைக்கு விமானம் கிளம்பாது.

நார்வேயின் ஆண்டோயா தீவிலுள்ள இந்த ஆய்வு முகாமில் அது எழுதாத சட்டம். வானிலை பார்ப்பவர் பறக்க வேண்டாம் என்று முடிவு செய்தால், தரையில் உட்காரப்போகிறவர்களுக்கு அவரே வாஃபிள் சுட்டுப் போட வேண்டும். வயிறாவது நிறையட்டுமே!

மற்ற நாளென்றால் ஆளாளுக்குக் கிண்டலடித்துக்கொண்டு தட்டை எடுத்திருப்பார்கள். இன்று ஒருவரும் அசையவில்லை.

பின்னே? மூன்று குளிர்காலமாகக் காத்திருந்த புயல், நார்வே கடலின் மேல் இப்போதுதான் சுருண்டு எழுந்திருக்கிறது. அதன் வயிற்றுக்குள் பறந்து கருவிகளைப் போட இன்று ஒரு நாள்தான். நாளை விமானம் தெற்கே திரும்பிவிடும்.

துணை விமானி சிந்த்ரே போன வாரம்தான் வந்து சேர்ந்தவன். பறக்கும் உடையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு தயாராக இருந்தவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேண்டாம்டா, சும்மா இரு" என்று கேப்டன் தோர்ஃபின் கையைப் பிடித்தார். உதறிவிட்டுச் சமையலறைக்குப் போனான்.

வானிலை பார்க்கும் குன்வோர் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

காலையில் அவர் பட்ட பாட்டை அவனும்தான் பார்த்தான். அந்தப் பேய்க்காற்றில் இரண்டு வானிலை பலூன்கள் கொட்டகைச் சுவரில் மோதிக் கிழிந்தன. மூன்றாவதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பனியில் மண்டிபோட்டவர், காற்று ஒரு மூச்சு ஓய்ந்த நேரம் பார்த்து மேலே விட்டார். அறுபதை நெருங்கும் வயதில்! என்ன மனுஷி என்று அசந்துபோய் நின்றவன்தான் அவன்.

அந்தப் பலூன்தான் மேலேயிருந்து செய்தி அனுப்பியது. மேகத்துக்குள், தொட்டதும் உறைந்துபோகும் நீர். இறக்கையில் அது கட்டிக்கொண்டால் விமானம் நேராகக் கடலுக்குள்தான்.

"கட்டாமலும் போகலாம்ல? பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கே!"

"பாதி வாய்ப்பை நம்பி உங்க நாலு பேரையும் அனுப்ப மாட்டேன்." அவர் அச்சில் மாவை ஊற்றினார்.

"உங்களுக்கென்ன, வாஃபிளைச் சுட்டுப் போட்டுட்டுப் போயிடுவீங்க. இந்தப் புயலுக்காக யாரோ ஒரு விஞ்ஞானி வருஷக்கணக்கா அலைஞ்சு, கெஞ்சிக் கூத்தாடி, இத்தனை பேரையும் இங்க கொண்டுவந்து சேர்த்தாங்களாமே. அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?"

குன்வோர் அச்சை மூடினார். திரும்பவில்லை.

"தினமும் காலையில கண்ணாடியில முழிக்கிறேனே, அப்படித்தாம்ப்பா."

அந்த விஞ்ஞானி இவரேதானா! கூடம் ஏன் அப்படி வாயடைத்துக் கிடந்தது என்று சிந்த்ரேவுக்கு இப்போது புரிந்தது.

மெல்ல ஜிப்பை இறக்கினான்.

அச்சைத் திறந்தபோது முதல் வாஃபிள் கருகிப்போயிருந்தது. அதை அவர் தூக்கிப் போடுவதற்குள், சிந்த்ரே தன் தட்டை நீட்டினான்.