ஊட்டுகிறவள் வாய்

வாய் இருக்கும்போது வயிற்றில் ஓட்டை போட்டுச் சோறு ஊற்றுவதெல்லாம் இந்தக் காலத்துக் கூத்து என்பார் உடையப்பன். ஏழு வயதுப் பேத்திக்கு நரம்பு தேய்கிற நோயாம், விழுங்க வராதாம். யாருக்கும் தெரியாமல் அவர் ஊட்டிய ஒரு வாய் ரசஞ்சோறு நுரையீரலுக்குப் போய், பிள்ளை பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகும் அவர் அதை நம்பவில்லை.

மருமகள் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து வயிற்றுக் குழாயில் கஞ்சி ஊற்றினாள். பிள்ளையின் உதடு அசையவில்லை. ஊற்றும்போதெல்லாம் மருமகளின் வாய்தான் ‘ஆ’வென்று திறந்தது.

“நீ எதுக்கும்மா வாயத் தொறக்குற?”

அவள் வெட்கப்பட்டு, “ரெண்டு கிலோ ஏறியிருக்கா மாமா,” என்றாள்.

“எடை பாக்குறது ஆட்டுக்கு.”

அடுத்த முறை அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு ஊற்றினாள். அந்த மூடிய வாயைப் பார்க்கப் பொறுக்காமல், “இதெல்லாம் ஒரு சாப்பாடா,” என்று முனகியபடி உடையப்பன் வெளியே நடந்தார்.